சாரதாவுக்கு வைத்த பொட்டு

ஒன்பது வருடங்களுக்கு முன்பு, ஆயுத பூஜை முடிந்து பத்து நாள்கூட ஆகாத ஒரு திங்கட்கிழமைக் காலை. கேமரன் மலையில், தானா ராத்தாவிலிருந்து ரிங்லெட்டுக்கு இறங்கும் சாலையில் நடந்தது இது. அன்றைக்கு என் ஒரே மகளை கோலாலம்பூரில் நர்சிங் கல்லூரியில் சேர்ப்பதற்காக அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் சாரதாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சாரதா எங்கள் சொந்தக்காரப் பெண் இல்லை. எங்கள் கார்.

நான் இங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஃபேக்டரியில் இருபத்தாறு வருடம் வயர்மேனாக வேலை பார்த்தவன். கொழுந்தை வாட்டும் விசிறி, உருட்டும் மெஷின், காய வைக்கும் மெஷின், எல்லாவற்றின் மின்சாரமும் என் பொறுப்பு. ஒரு மோட்டாரின் பேரிங் தேயத் தொடங்கினால், அது நின்று போவதற்கு ஒரு வாரம் முன்பே அதன் முனகலை வைத்துச் சொல்லிவிடுவேன். "உன் காதுக்குத் தனியா சம்பளம் குடுக்கணும்யா" என்று தோட்டத்துத் துரையே ஒரு முறை சொல்லியிருக்கிறார். அதில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் இருந்தது, மறைப்பானேன். ஆனால் அந்தக் காதெல்லாம் ஃபேக்டரியோடு சரி. வீட்டுக்கு வந்துவிட்டால் எந்தச் சத்தமும் ஆகாது. குக்கர் நாலாவது விசில் அடித்தால் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிடுவேன். பருப்பு வெந்ததா இல்லையா என்று பார்ப்பதெல்லாம் கிடையாது.

இப்படிப்பட்ட ஆளுக்கு வாய்த்ததுதான் அந்தக் கார். ஜப்பானில் யாரோ ஓட்டிவிட்டுக் கொடுத்து, கப்பலேறி வந்த ஏழு பேர் உட்காரும் வண்டி. ரீகொண்ட் காடி என்று இங்கே சொல்வோம். வெளியே பார்க்கப் புதுசு மாதிரி பளபளவென்று இருந்தது. உள்ளே ஏறி உட்கார்ந்த பிறகுதான் அதன் வாய் தெரிந்தது.

கதவைத் திறந்தால் பீப். சாவியை விட்டுவிட்டு இறங்கினால் பீப். விளக்கை அணைக்க மறந்தால் நீளமாக ஒரு பீப். ரிவர்ஸ் போட்டால் பீப் பீப் என்று நிற்காமல் கத்தும், அதுவும் காருக்கு உள்ளே மட்டும். பின்னால் நிற்பவனுக்கு ஒன்றும் கேட்காது. தான் பின்னால் போவது தனக்கே தெரியாதவன் எவனாவது இருப்பான் என்று நினைத்து இந்தச் சத்தத்தை வைத்தார்களோ தெரியவில்லை. ஒரு நாள் பிரிஞ்சாங் சந்தையில் ஒரு மூட்டை முட்டைக்கோஸ் வாங்கி முன் சீட்டில் வைத்தேன். வழியெல்லாம் விடாமல் கத்தியது. கடைசியில் வண்டியை ஓரம் கட்டி, முட்டைக்கோஸுக்கு சீட் பெல்ட் போட்ட பிறகுதான் அடங்கியது. போலீஸ்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

இதெல்லாம் போக, மலைக் குளிருக்கும் ஈரத்துக்கும் அந்த வண்டிக்கு வேறு கிறுக்குகளும் பிடித்திருந்தன. மழை நாளில் ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்தால் ஹாரன் தானாக ஒரு முறை அடிக்கும். எங்கள் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து டவுனுக்குப் போகும் வழியில் இடது பக்க வளைவில்தான் முனியாண்டி கோயில். அங்கே திரும்பும்போதெல்லாம் "பாம்" என்று ஒரு சத்தம். "பாத்தீங்களா, நீங்க மறந்தாலும் அவ சாமி கும்பிடாம போறதில்ல" என்பாள் என் மனைவி. அது ஜப்பான் ரேடியோ, எஃப்.எம். எண்கள் தொண்ணூறோடு முடிந்துவிடும். இங்கே தமிழ் நிலையமெல்லாம் அதற்கு மேல்தான், அதனால் தமிழ் நிகழ்ச்சி எதுவும் வராது. அந்தக் குறை மட்டும் அவளுக்குக் கடைசி வரை தீரவில்லை.

சரி, சாரதா என்ற பெயர் எப்படி வந்தது? சாவியைத் திருப்பியதும் ஒரு ஜப்பான்காரப் பெண்ணின் குரல் வரும். ரொம்ப மரியாதையான, இனிமையான குரல். வேக வேகமாக ஏதோ சொல்லி, "சோன்யூ சரேத்தே இமாஸேன்" என்று முடிக்கும். அது எங்கள் காதில் எப்படி விழுந்தது என்று நினைக்கிறீர்கள்? "சொன்னியா சாரதா?" முதல் தடவை கேட்டபோது என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது.

"யாரு லா அந்த சாரதா?"

"எனக்கு எப்படித் தெரியும்? காடிய கேளு."

அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த என் மகள் பின் சீட்டில் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து அது சாரதா. தினமும் காலையில் மகளைப் பள்ளியில் விடப் போகும்போது அந்தக் குரல் "சொன்னியா சாரதா?" என்று கேட்கும். மகள் "சொல்லிட்டேன், சொல்லிட்டேன்" என்று பதில் சொல்வாள். அதற்குப் பிறகுதான் வண்டி நகரும். அம்மாவும் மகளும் சண்டை போட்ட நாளில்கூட அந்தக் குரல் வந்ததும் இரண்டு பேரும் உதட்டைக் கடித்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அந்த நாட்களை இப்போது நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. ஒரு வண்டிக்குள் எவ்வளவு சத்தம், எவ்வளவு சிரிப்பு.

எனக்கு மட்டும் சிரிப்பு ஒரு வருடத்தில் தீர்ந்துவிட்டது. எட்டு மணி நேரம் ஃபேக்டரி இரைச்சலில் நின்றுவிட்டு வருபவனுக்கு பீப் சத்தம் மண்டையில் ஆணி அடிப்பது மாதிரி இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை டேஷ்போர்டைக் கழற்றி, மீட்டருக்குப் பின்னால் அந்தச் சத்தம் போடும் சின்னப் பெட்டியைக் கண்டுபிடித்தேன். அதன் வாயில் கருப்பு வயரிங் டேப்பை மூன்று சுற்று இறுக்கி ஒட்டினேன். கொசு முனகும் அளவுக்குச் சத்தம் குறைந்தது. அந்தப் பெண் குரலையும் நிறுத்தத்தான் பார்த்தேன். "ப்பா, சாரதாவ மட்டும் ஒண்ணும் பண்ணாதீங்க ப்பா" என்று மகள் கெஞ்சினாள். அதற்குத் தனி ஸ்பீக்கர். விட்டுவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த வருட ஆயுத பூஜைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. வட்டத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி. ஹேண்ட்பிரேக் போட்டால் எரியும் அதே விளக்குதான். ஆனால் ஹேண்ட்பிரேக்கை இறக்கிய பிறகும், வளைவில் திரும்பும்போது மட்டும் பளிச் பளிச்சென்று எரிந்து அணையும். கூடவே டேப்புக்குள்ளிருந்து ஒரு கொசு முனகலும், பக்கத்துச் சின்னத் திரையில் ஜப்பான் எழுத்தில் ஒரு வரியும் வரும்.

வளைவில் மட்டும் எரிகிறது என்றால் வயர்மேனுக்கு என்ன தோன்றும்? லூஸ் கனெக்‌ஷன். எனக்குச் சந்தேகமே இல்லை. ஹேண்ட்பிரேக்குக்குக் கீழே இருக்கும் சுவிட்ச்சைத் துடைத்து மாட்டினேன், போகவில்லை. வயரையே கழற்றிவிட்டேன், அப்போதும் போகவில்லை. ஒரு வாரத்தில் நேர்ச் சாலையிலும் எரியத் தொடங்கி, அப்புறம் அணையவே இல்லை. எங்கேயோ ஈரம் இறங்கி ஷார்ட் ஆகியிருக்கிறது, வெயில் காலம் வந்தால் தானாகச் சரியாகும் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். "என்னங்க, செவப்பா எரியுதே, ரிங்லெட்ல போமென்கிட்ட ஒரு வாட்டி காட்டிட்டு வாங்களேன்" என்று மனைவி சொன்னாள். பழுது பார்ப்பவரைத்தான் இங்கே போமென் என்போம். அவள் ஒரு முறை சொல்லவில்லை, நாலு முறை சொன்னாள். நாலாவது முறை எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் வயர்மேனா, அந்த போமென் வயர்மேனா? சும்மா இரு லா."

அவள் சும்மா இருந்துவிட்டாள்.

ஆயுத பூஜை எங்கள் தோட்டத்தில் பெரிய விசேஷம். ஃபேக்டரியில் மெஷின்களையெல்லாம் கழுவி, விபூதி பூசி, சந்தனப் பொட்டு வைத்து, மாலை போட்டு, துரை வந்து சூடம் காட்டுவார். அந்த ஒரு நாள் ஃபேக்டரி சத்தம் போடாமல் நிற்கும். அன்று மத்தியானம் வீட்டில் சாரதாவுக்கும் பூஜை. மகள் கழுவினாள், மனைவி சந்தனம் குழைத்துக் கொடுத்தாள், பொட்டு வைப்பது என் வேலை. பானெட்டில் வைத்தேன், ஸ்டீயரிங்கில் வைத்தேன். மீட்டர் கண்ணாடிக்கு வந்தபோது அந்தச் சிவப்பு விளக்கு என்னைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது. மூன்று வாரமாகக் கண்ணை உறுத்திய சனியன். விரலில் இருந்த சந்தனத்தை மொத்தமாக வழித்து, நேராக அதன் மேலேயே அப்பினேன். பக்கத்தில் இருந்த ஜப்பான் எழுத்திலும் பாதி மறைந்தது. அதன் மேல் ஒரு குங்குமம்.

"அங்க எதுக்குங்க?" என்றாள் மனைவி.

"சாரதாவுக்கு நெத்தி வேணாமா?"

மகள் சிரித்தாள். எனக்கும் பெரிய நிம்மதியாக இருந்தது. சாமி காரியம் பாருங்கள், அதை யாரும் துடைக்க மாட்டார்கள். இனி வெயில் காலம் வரைக்கும் தொல்லை இல்லை.

அந்தத் திங்கட்கிழமைக்கு வருவோம். விடிந்ததும் கிளம்பினோம். பின்னால் இரண்டு பெட்டி, தலையணை, ரைஸ் குக்கர், ஒரு தகர டப்பா நிறைய முறுக்கு. தானா ராத்தாவில் பசியாறிவிட்டுப் போகலாம் என்று நிறுத்தினோம். சாப்பிட்டு முடித்து வெளியே வந்தால், பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு ஜப்பான்கார அம்மா கையில் சின்னப் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வெயில் தொப்பி, வெளிர் மஞ்சள் மழைக்கோட்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஜப்பான்காரர்கள் இந்தக் குளிருக்காக வந்து மாதக்கணக்கில் தங்குவது எங்களுக்குப் பழக்கமான காட்சிதான். ஆனால் யாரோடும் பேசியதில்லை. அவர் ஏறவேண்டிய பஸ் வரவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. என் மனைவிதான் போய்ப் பேசினாள். இவளுடைய மலாயும் அவருடைய இங்கிலீஷும் எப்படியோ ஒத்துப்போய்விட்டன. தாப்பா ரோடு ரயில் நிலையத்துக்குப் போக வேண்டுமாம், கோலாலம்பூர் ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டாராம்.

"நம்ம போற வழிதானே, ஏத்திக்கலாம்" என்று சொல்லி, தன் முன் சீட்டை அவருக்கு விட்டுக்கொடுத்து மகளோடு பின்னால் போய் உட்கார்ந்தாள்.

அந்த அம்மா ஏறி, பெல்ட் போட்டு, மடியில் பெட்டியை வைத்துக்கொண்டார். நான் சாவியைத் திருப்பினேன். வழக்கமான குரல் வந்தது. "சோன்யூ சரேத்தே இமாஸேன்."

அவர் தூக்கிவாரிப் போட்ட மாதிரி நிமிர்ந்து, டேஷ்போர்டைப் பார்த்து "ஹாய்!" என்று, அவர்கள் பாஷையில் 'சரிங்க' என்று, தலை குனிந்தார். சொன்ன பிறகுதான் அது கார் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். இந்த மலையில், முன்பின் தெரியாதவர்கள் காரில், தன் பாஷையில் ஒரு குரல் வரும் என்று அவர் எப்படி எதிர்பார்த்திருப்பார்? அந்தச் சிரிப்பும் ஈரமும் சேர்ந்த முகம் எனக்கு இன்னும் அப்படியே தெரிகிறது.

அது என்ன சொல்கிறது என்று மகள் இங்கிலீஷில் கேட்டாள். ஜப்பானில் டோலுக்கு ஒரு கார்டு உண்டாம். அந்தக் கார்டைச் சொருகவில்லை என்று சொல்கிறதாம். அவ்வளவுதான். அஞ்சு வருடமாக நாங்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்தது டோல் கார்டுக்கு! "போச்சு போ, சாரதா கத இவ்ளோதானா?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். எங்கள் காதில் அது எப்படி விழுந்தது, தமிழில் அதற்கு என்ன அர்த்தம் என்று மகள் விளக்கினாள். அவர் அதை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிப் பார்த்தார். "சொன்-னி-யா... சா-ர-தா." நாங்கள் கைதட்டினோம். அந்தக் கலகலப்பில்தான் தானா ராத்தாவை விட்டு இறங்க ஆரம்பித்தோம்.

கொஞ்ச தூரம் போனதும் அந்த அம்மா பேச்சைக் குறைத்துவிட்டு மீட்டரையே பார்க்க ஆரம்பித்தார். இத்தனை நாளில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அந்த வெடிப்பு வழியே சிவப்பு வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது. அவர் விரலை நீட்டி, தொடாமல், "காட்?" என்று கேட்டார்.

"யெஸ், யெஸ், காட்" என்றேன் நான் பெருமையாக.

கையை உடனே இழுத்துக்கொண்டார். இரண்டு கையையும் சேர்த்து அந்தப் பொட்டை ஒரு கும்பிடு போட்டார். அடுத்தவர் சாமியைத் தொடக்கூடாது என்ற மரியாதை. இரண்டு வளைவு தாண்டியது. அவரால் சும்மா இருக்க முடியவில்லை. தலையைச் சாய்த்து, சந்தனத்துக்கு வெளியே தெரிந்த பாதி எழுத்துகளைப் படித்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, பதற்றமாக, "ப்ரேக்கி" என்றார். "ப்ளீஸ். ப்ரேக்கி. ப்ரேக்கி."

நான் விழித்தேன். பின்னாலிருந்து என் மனைவி மொழிபெயர்த்தாள்.

"ஐயோ பாவம், வயசானவங்க, அவசரமா டாய்லெட் போகணும் போல. ப்ரேக் கேக்குறாங்க. எங்கயாச்சும் ஓரமா நிப்பாட்டுங்க."

சரிதான் என்று எனக்கும் பட்டது. முன்னால் ஒரு சிறிய சமதளம், அங்கே மூடிக் கிடந்த ஒரு ஸ்ட்ராபெரிக் கடை. அங்கே நிறுத்தலாம் என்று பிரேக்கை மிதித்தேன். கால் பாதி வரை போனது. அங்கே நிற்கவேண்டிய பெடல் நிற்காமல், சேற்றில் கால் வைத்த மாதிரி இன்னும் கீழே போனது. வண்டி நிற்கவில்லை.

விட்டு விட்டு மிதித்தேன். நாலாவது மிதியில் கொஞ்சம் பிடித்தது. கியரைக் கீழே இழுத்தேன், ஹேண்ட்பிரேக்கைத் தூக்கினேன். கடையைத் தாண்டிப் போய், புல்லில் சறுக்கி, முன் சக்கரம் ஓரக் காவாயில் இறங்கி, டொம் என்று நின்றது. முறுக்கு டப்பா திறந்து பின்னால் முழுக்கக் கொட்டியது. அந்த இடத்திலிருந்து ஐம்பதடி தள்ளி சாலை மறுபடியும் சரிகிறது. அடுத்த வளைவில் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் வெறும் பனி.

யாருக்கும் அடியில்லை. நான் என் கட்டைவிரலால் அந்தப் பொட்டைத் தேய்த்தேன். காய்ந்த சந்தனம் பொடியாக உதிர்ந்தது. அந்த அம்மா குனிந்து முழு வரியையும் தன் பாஷையில் வாய்விட்டுப் படித்துவிட்டு, மகளிடம் இங்கிலீஷில் சொன்னார். பிரேக் எண்ணெய் குறைந்துவிட்டது. பத்திரமான இடத்தில் வண்டியை நிறுத்தவும்.

"இது எவ்ளோ நாளா வருதுன்னு கேக்குறாங்க ப்பா" என்றாள் மகள்.

"ஒரு மாசமா" என்றேன்.

வளைவில் மட்டும் ஏன் எரிந்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. குறைந்துபோன எண்ணெய், வண்டி சாயும்போது ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறது. லூஸ் கனெக்‌ஷனும் இல்லை, ஈரமும் இல்லை. நாலு முறை சொன்ன மனைவி பின் சீட்டில்தான் இருந்தாள். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. கொட்டிய முறுக்கைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கல்லூரியில் மத்தியானத்துக்குள் பதிய வேண்டும். அந்த அம்மாதான் தன் போனில் தெரிந்த டாக்ஸிக்காரரைக் கூப்பிட்டார். என் மனைவியும் மகளும் அவரோடு தாப்பா ரோடு போய், ரயிலில் கோலாலம்பூர் போவது என்று முடிவானது. நான் வண்டியோடு இருக்க வேண்டியதுதான். பெட்டிகளை டாக்ஸியில் ஏற்றினேன். பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் கொண்டுபோய் விட்டது நான். கல்லூரிக்கும் நானேதான் கொண்டுபோய் விடுவேன் என்று அவள் பரீட்சை எழுதிய நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ப்பா, சாரதாவத் திட்டாதீங்க, சரியா?" என்றாள். அந்த நேரத்திலும் அவளுக்கு அது தோன்றியது. டாக்ஸி வளைவில் மறையும் வரை அந்த மஞ்சள் கோட்டுக் கை அசைந்துகொண்டே இருந்தது.

ரிங்லெட்டிலிருந்து சீனர் ஒருவர், நான் காட்ட மறுத்த அதே போமென், மோட்டார் சைக்கிளில் வந்தார். பின் சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே எண்ணெய் வழிந்து ஊறிப்போயிருந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மலாயில் இரண்டே இரண்டு கேள்வி கேட்டார். விளக்கு எரியவில்லையா? எரிந்தது என்றேன். சத்தம் போடவில்லையா? போட்டது என்றேன். சாமான் எடுத்து வருகிறேன் என்று போய்விட்டார்.

நான் தனியாக வண்டியில் உட்கார்ந்தேன். பனி விலகி, எதிர்ச் சரிவில் தேயிலைச் செடிகள் மெல்லத் தெரிய ஆரம்பித்தன. என்ன நினைத்தேனோ, சாவியைத் திருப்பினேன். அந்தக் குரல் வந்தது, கொஞ்சமும் கோபமில்லாமல், அதே மரியாதையோடு.

"சொன்னியா சாரதா?"

டோல் கார்டுதான் என்று இப்போது எனக்குத் தெரியும். ஆனால் என் காதில் அப்படித்தான் விழுந்தது. "சொன்னா" என்றேன். "எல்லாரும் சொன்னாங்க." அதற்கு மேல் முடியவில்லை. ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதேன். ஐம்பது வயதில், சாலையோரத்தில், பட்டப்பகலில். மெஷின் முனகினால் ஓடிப்போய்க் காது வைத்தவன், என் பிள்ளை உட்கார்ந்திருந்த வண்டி கத்தியபோது அதன் வாயில் டேப் ஒட்டியிருக்கிறேன். கண்ணால் பார்க்கச் சொன்ன இடத்தில் பொட்டு வைத்திருக்கிறேன்.

மத்தியானம் மகள் போட்டோ அனுப்பினாள். கல்லூரி வாசலில் அவளும் அம்மாவும், நடுவில் அந்த ஜப்பான்கார அம்மா. அவர் தன் வேலையை விட்டுவிட்டு, ரயிலிலிருந்து இறங்கி இவர்களோடு கல்லூரி வரை போயிருக்கிறார். நான் நிற்கவேண்டிய இடத்தில் அவர் நின்றிருந்தார். எனக்கு அதில் பொறாமை இல்லை. நன்றி மட்டும்தான் இருந்தது.

மறுநாள் பஸ்ஸில் வந்து இறங்கிய மனைவி, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் கேட்டாள். "நான் எத்தன வாட்டி சொன்னேன்?" நாலு வாட்டி என்றேன். "எண்ணிக்கிட்டுதான் இருந்தீங்களா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த வாரமே டேஷ்போர்டைக் கழற்றி மூன்று சுற்று டேப்பையும் பிரித்தேன். வண்டி பழையபடி கதவுக்கும் சாவிக்கும் முட்டைக்கோஸுக்கும் கத்த ஆரம்பித்தது.

அந்த அம்மா ஊருக்குத் திரும்புவதற்கு முன்பு ஒரு நாள் எங்கள் லயத்துக்குச் சாப்பிட வந்தார். ரசத்தை டம்ளரில் வாங்கி மூன்று முறை குடித்தார். அடுத்த முறை ஜப்பானிலிருந்து ஒரு பழைய டோல் கார்டு கொண்டுவருகிறேன், சொருகிவிட்டால் இந்தக் குரல் தொந்தரவு செய்யாது என்றார். "வேணாம் ஆண்ட்டி, அவ பேசட்டும்" என்று மனைவி அவசரமாகக் கையை ஆட்டினாள். ஒரு தாளில் அந்தத் திரையில் வரக்கூடிய வார்த்தைகளை எழுதி, லீவுக்கு வந்திருந்த மகளை அவற்றுக்கு இங்கிலீஷில் அர்த்தம் எழுதச் சொல்லி, முன் டிராயரில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த முறை அவர் வரவில்லை. ஏன் என்று எங்களுக்குத் தெரியாது. முகவரி வாங்கி வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை, அந்த வருத்தம் எனக்கு உண்டு.

சாரதாவையும் இரண்டு வருடத்துக்கு முன்பு கொடுத்துவிட்டோம். இப்போதிருக்கும் வண்டி அதிகம் பேசாது. முனியாண்டி கோயில் வளைவில் நான்தான் ஹாரன் அடிக்கிறேன். மகள் ஜோகூரில் ஒரு மருத்துவமனையில், தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருக்கிறாள். நாள் முழுக்க பீப் சத்தத்துக்கு நடுவில்தான் வேலை. "இங்க சில பேரு அலாரத்த நிப்பாட்டிட்டுத்தான் பேஷண்டப் பாப்பாங்க ப்பா. நான் பேஷண்டப் பாத்துட்டுத்தான் அலாரத்த நிப்பாட்டுவேன்" என்று ஒரு நாள் போனில் சொன்னாள். அவள் ஏதோ வேலைப் பேச்சாகத்தான் சொன்னாள். நான் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன்.

எனக்கு வயதாகிவிட்டது, சத்தம் இன்னும் ஆகாதுதான். ஆனால் இன்றைக்கும் வீட்டில் யாராவது ஒரே விஷயத்தை இரண்டாவது முறை, மூன்றாவது முறை சொல்லி எனக்கு எரிச்சல் ஏறும்போது, வாயைத் திறப்பதற்கு முன்னால் என் கட்டைவிரலைப் பார்த்துக்கொள்கிறேன், அதில் சந்தனம் ஒட்டியிருக்கிறதா என்று.